கேஜ் என்றால் பழப்பந்தி

நாவல் குளத்தின் கரையில் ஒரு மைனா வாத்தியார் வேலை பார்த்தாள். அவள் பெயர் மஞ்சமூக்கி. மாலையானால் முயல், மான், அணில், காட்டுப்பன்றி, ஆமை என்று ஒரு பெரிய கூட்டமே குளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடும். மஞ்சமூக்கி நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் வந்து அமர்வாள். தொண்டையைச் செருமுவாள். அன்றைய பாடம் தொடங்கும்.

என்ன பாடம் தெரியுமா? இங்கிலீஷ்!

காட்டு விலங்குகளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவற்றுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மனிதர்கள் பேசுவதைப் புதருக்குள் இருந்தபடியே கேட்டு, எப்போது ஒளியலாம், எப்போது வெளியே வரலாம் என்று தெரிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்த கூட்டம் அது. இப்போது என்ன ஆயிற்று என்றால், மனிதர்கள் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "கேட்டை ஓப்பன் பண்ணி டாகை ரிலீஸ் பண்ணு" என்கிறார்கள். இதில் 'பண்ணு' ஒன்றுதான் விலங்குகளுக்குப் புரிந்தது. அப்படிப் புரியாமல் நின்ற ஒரு மான்குட்டியை நாய் துரத்து துரத்தென்று துரத்தி, அது பிழைத்ததே மறுபிறவி. அன்றைக்குத்தான் மஞ்சமூக்கி டீச்சர் ஆனாள்.

காட்டோரத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம் இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் யூகேஜி ஜன்னலில் போய் உட்காருவாள். அங்கே சொல்லித் தரும் சொற்களைக் காதில் வாங்குவாள். ஆனால் வாங்கியதை அப்படியே கொண்டுவந்து கொட்டிவிடமாட்டாள். அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவாள். அதை மூன்று முறை சுற்றி வருவாள். மேலே ஒரு சுற்று, பக்கவாட்டில் ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று. மூன்று சுற்றுச் சுற்றாத சொல்லை வகுப்பில் எடுக்கமாட்டாள். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். சில நாள் அதுவும் கிடையாது.

ஆனால் அந்த ஒரு சொல்லை அவள் விளக்கும் அழகைக் கேட்க வேண்டுமே!

"டேபிள்னா, நாலு கால் இருக்கும். ஆனா எங்கயும் போகாது. முதுகுல என்ன வெச்சாலும் சுமந்துக்கிட்டே நிக்கும்" என்பாள். காட்டுப்பன்றிக்கு டேபிள்மேல் இரக்கம் வந்து கண் கலங்கிவிடும். சோப் என்றால் தேய்க்கத் தேய்க்க இளைத்துப்போகும் கல். அம்ப்ரெல்லா என்றால் மனிதர்கள் காம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் காளான். மிரர் என்றால் நம் நாவல் குளத்தை நிமிர்த்திச் சுவரில் மாட்டியது. அதைக் கேட்டதும் மான்கள் எல்லாம் குளத்தை எட்டிப் பார்த்துத் தங்கள் முகத்தைச் சரிசெய்துகொண்டன.

விளக்கம் முடிந்ததும், "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்பாள். பள்ளிக்கூடத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட வழக்கம் இது. எல்லோரும் ஒரே குரலில் பத்துத் தரம் சொல்ல வேண்டும். "மிரர் என்றால் நிமிர்ந்த குளம்! மிரர் என்றால் நிமிர்ந்த குளம்!" காடே அதிரும். கத்திச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பது அவள் கட்சி. ஏறியது உண்மைதான். ஒரு முறை ஏறியதை இறக்குவது எப்படி என்று மட்டும் அவள் அதுவரை யோசித்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வகுப்புக்கு ஒரு நாள் போட்டி வந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவிலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் இடம் மாறி வந்தது. அதன் தலைவன் தாவுகாலன். சுற்றுலாக் கார்கள் நிற்கும் இடத்தில் வளர்ந்தவன். சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வந்த இரண்டாம் நாளே குளத்தின் எதிர்க்கரைப் பாறையில் ஏறி நின்று அறிவித்துவிட்டான்.

"ஒரு நாளைக்கு ஒரு சொல்லு கத்துக்கிட்டு நீங்க எப்போ கரையேறுறது? எங்கிட்ட வாங்க. ஒரு நாளைக்குப் பத்து!"

பத்து என்றதும் அணில்கள் பாய்ந்தோடின. பின்னாலேயே மான்கள் போயின. தாவுகாலன் பாறையில் குதித்துக் குதித்துச் சொல்லித் தந்தான். சிப்ஸ்! கேக்! ஜூஸ்! செல்ஃபி! சூப்பர்! கூட்டமும் குதித்துக் குதித்துச் சொன்னது. குதூகலத்துக்குக் குறைவே இல்லை. எல்லாம் சரி, செல்ஃபி என்றால் என்ன என்று ஓர் அணில் கேட்டது. அதுவும் தின்பதுதான் என்றான் தாவுகாலன். அந்தச் சொல்லைச் சொன்னால் யாராவது கையில் பிஸ்கட்டோடு நம் பக்கத்தில் வந்து நிற்பார்கள், அவனே எத்தனை தரம் வாங்கித் தின்றிருக்கிறான் என்று விளக்கமும் கொடுத்தான். அணிலுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. வேறு கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கரையில் மஞ்சமூக்கியின் வகுப்பு நாளுக்கு நாள் இளைத்தது. முதலில் பன்னிரண்டு பேர், அப்புறம் ஏழு பேர், அப்புறம் மூன்றே பேர். முயல் துள்ளி இருந்தாள். கேட்ட செய்தியை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கு வயிறு வலிக்கும், அதனால் எங்கே கூட்டம் இருந்தாலும் இருப்பாள். காட்டுப்பன்றி இருந்தது. டேபிளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அது நகராது. ஆமை மெல்லப்பன் இருந்தார். அவர் எதிர்க்கரைக்குக் கிளம்பித்தான் இருந்தார், இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

மஞ்சமூக்கிக்கு நெஞ்சு எரிந்தது. ஒளிக்காமல் சொன்னால் பொறாமைதான். ஊர் ஊராகச் சுற்றி, சோப்பின் அடியில் தலையை விட்டுக் கண் எரிய எரியக் கற்று வந்தவள் அவள். சிப்ஸ் பாக்கெட் கிழித்தவன் வாத்தியாராம்! பறக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. நாளைக்கு வகுப்பில் யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வது? யாருமே கேட்காத டீச்சர் ஒரு டீச்சரா? அவள் சாப்பாட்டையே மறந்தாள்.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மாலை. இந்தக் கரையில் மூன்று பேர், அந்தக் கரையில் முப்பது பேர். துள்ளி இரைக்க இரைக்க ஓடி வந்தாள். பள்ளிக்கூடத் தோட்டத்தில் கேரட் இலை கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய செய்தி காதில் விழுந்ததாம். இரண்டு கரைக்கும் கேட்கும்படி குளத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டு கத்தினாள்.

"நாளைக்கு விடியக்காலையில ஜீப்புல ஆளுங்க வர்றாங்க! நம்ம குளத்தங்கரையில கேஜ் வெக்கப் போறாங்களாம். 'உள்ள வாழைப்பழம் தாராளமாப் போடுங்க, நிறைய பேர் வரணும்'னு அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் சொன்னாங்க. நான் என் ரெண்டு காதாலயும் கேட்டேன். கேஜ்னா என்ன?"

முப்பத்து மூன்று தலைகளும் திரும்பின. பாவம், அந்த மேடம் கூண்டு என்று தமிழில் சொல்லியிருந்தால் போதும், அந்தக் கணமே காடு காலியாகியிருக்கும். கூண்டு தெரியாத விலங்கு எது? ஆனால் கேஜ் என்ற சொல்லை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. மஞ்சமூக்கியும் கேட்டதில்லை. யூகேஜியில் அது இன்னும் நடத்தப்படவில்லை.

எதிர்ப்பாறையில் தாவுகாலன் தலையைச் சொறிந்தான். வாயைத் திறந்தான். அதைப் பார்த்ததும் மஞ்சமூக்கிக்கு என்ன ஆயிற்றோ, அவனுக்கு முன்னால் அவள் வாய் திறந்துவிட்டது.

"கேஜா? இதுகூடத் தெரியாதா? கேஜ்னா பழப்பந்தி!"

சொன்ன பிறகுதான் அவள் யோசித்தாள். யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. உள்ளே பழம் போடுகிறார்கள், நிறைய பேர் வர வேண்டும் என்கிறார்கள். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் பந்தல் போட்டு, இலை போட்டு, நிறைய பேர் வந்து சாப்பிட்டதை அவளே கூரையிலிருந்து பார்த்திருக்கிறாள். பந்தியைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்?

"டீச்சர், அதை நீங்க பார்த்தீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார் மெல்லப்பன்.

"பார்க்காமலா சொல்லுவேன்?"

"மூணு சுத்து சுத்தினீங்களா?"

"நாலு சுத்து!" என்றாள் மஞ்சமூக்கி.

அவ்வளவுதான். எதிர்க்கரை முழுவதும் எழுந்து இந்தக் கரைக்கு ஓடி வந்தது. மான்கள் வந்தன, அணில்கள் வந்தன, குரங்குக் குட்டிகள்கூடத் தாய் வயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தன. செல்ஃபியைக் கண்ணால் காணாதவர்கள் நாளைக் காலையிலேயே கேஜைக் காணப் போகிறார்கள்! தாவுகாலனும் கடைசியில் இறங்கி வந்து கூட்டத்தோடு உட்கார்ந்தான். மஞ்சமூக்கிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!"

"கேஜ் என்றால் பழப்பந்தி! கேஜ் என்றால் பழப்பந்தி!"

அன்றைக்குப் பத்துத் தரத்தோடு நிற்கவில்லை. நாற்பது தரம் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். வாழைப்பழத்தைத் தோலோடு தின்பதா, உரித்துத் தின்பதா என்று மான்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பொழுது விடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

மெல்லப்பன் மட்டும் போகவில்லை. குளத்தங்கரையிலேயே இருந்தால் நாளைக்கு வந்து சேர்ந்தாற்போல இருக்கும் என்று அங்கேயே ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். இழுப்பதற்கு முன்னால் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். மஞ்சமூக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஜீப் வந்தது. இரண்டு பேர் எதையோ இறக்கி வைத்தார்கள், ஏதேதோ கட்டினார்கள். பிறகு ஜீப் மூங்கில் புதருக்குப் பின்னால் போய்விட்டது.

மஞ்சமூக்கிதான் முதலில் பார்க்க வந்தவள். நான்கு சுற்று என்று வாய் கூசாமல் சொல்லியாயிற்று, ஒரு சுற்றாவது சுற்றிவிடலாம் என்று வந்தாள். முதல் சுற்றில் நான்கு பக்கமும் கம்பி வலை தெரிந்தது. பந்திக்கு எதற்கு வலை? ஈ மொய்க்காமல் இருப்பதற்காக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இரண்டாம் சுற்றில், உள்ளே சீப்புச் சீப்பாக வாழைப்பழம். மஞ்சள் மஞ்சேளென்று அப்படி ஒரு பழம். அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் சுற்றில் வாசலைப் பார்த்தாள். கதவு பக்கவாட்டில் இல்லை. மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்தது ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை உள்ளே போய், கடைசிப் பழச்சீப்புக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டியிருந்தது.

இதை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? பள்ளிக்கூடச் சமையலறையில்! அங்கே அலமாரிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. உள்ளே தேங்காய்ச் சில்லைக் குத்தி வைப்பார்கள். மறுநாள் காலையில் அதற்குள் ஓர் எலி உட்கார்ந்திருக்கும். ஆயா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். திரும்பி வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

மஞ்சமூக்கிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. இது பந்தி இல்லை. பொறி. கூண்டு!

அந்த நேரத்தில் காட்டுப்பாதையில் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு பலமாக, பிறகு காடே கிடுகிடுக்கும்படியாக.

"கேஜ் என்றால் பழப்பந்தி! கேஜ் என்றால் பழப்பந்தி!"

ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் தாவுகாலன், தோளில் அவன் கடைக்குட்டி. பின்னால் குட்டிகளோடு தாய்க்குரங்குகள். அவர்களுக்கு ஊடே துள்ளி. அதற்கும் பின்னால் மான், அணில், பன்றி. அடடா, எவ்வளவு உற்சாகம்! ஒவ்வொரு முகத்திலும் திருவிழா.

அவள் பறந்து போய் முன்னால் நின்றாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். ஆனால் அந்த முகங்களைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது. "நேத்து சொன்னது பொய்" என்று எப்படிச் சொல்வது? அப்புறம் யார் அவளை டீச்சர் என்று கூப்பிடுவார்கள்?

"இன்னிக்கு வேண்டாம்! பழம் இன்னும் கனியலை, காயா இருக்கு. நாளைக்கு வரலாம்" என்றாள்.

குரங்கிடம் போய்ப் பழம் காய் என்று சொன்னால் நடக்குமா? தாவுகாலன் ஒரு முறை மூக்கை உறிஞ்சினான்.

"வாசனை இங்க வரைக்கும் வருது. டீச்சரம்மா தான் மட்டும் தின்னலாம்னு பார்க்கிறாங்க" என்றான். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டி நடந்தது.

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னால், இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும். மஞ்சமூக்கிக்கு அது அந்த நொடியில் உறைத்தது. போகட்டும் மானம், போகட்டும் டீச்சர் பட்டம் என்று அவள் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தினாள்.

"போகாதீங்க! நான் சொன்னது தப்பு! எனக்கு அந்தச் சொல்லே தெரியாது, தெரியாமத்தான் சொன்னேன்!"

யார் காதில் விழுந்தது? ஒருவர் காதிலும் விழவில்லை. அத்தனை தொண்டைகளும் ஒரே குரலில் அவள் சொல்லித் தந்ததையே சொல்லிக்கொண்டிருந்தன. அவளே பழக்கிய சத்தம். அவளே சொல்லித் தந்த பாடம். ஒரு மைனாவின் தொண்டை அதற்கு எந்த மூலைக்கு? அவள் கத்தக் கத்த, டீச்சரும் சேர்ந்து சொல்கிறார்கள் என்று நினைத்து அணில்கள் இன்னும் பலமாகக் கத்தின.

கூண்டுக்கு இன்னும் இருபது அடி. பத்து அடி. தாவுகாலனின் கடைக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. அப்பன் தோளிலிருந்து குதித்து வாசலை நோக்கி ஓடியது.

மஞ்சமூக்கி அதற்கு மேல் யோசிக்கவில்லை. இறகை மடக்கிக்கொண்டு அம்புபோலக் குட்டியின் தலைக்கு மேலாகப் பாய்ந்து கூண்டுக்குள் நுழைந்தாள். பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொக்கியில் மாட்டியிருந்த கயிற்றை அலகால் கவ்வினாள். பலம் கொண்டமட்டும் இழுத்தாள். வரவில்லை. காலைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். கயிறு கொக்கியை விட்டு நழுவியது.

படார்!

கதவு விழுந்தது. குட்டியின் மூக்குக்கும் கதவுக்கும் நடுவே நான்கு விரற்கடைதான் இடைவெளி. குட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பாட்டு நின்றது. அந்த அமைதியில், கம்பி வலைக்குப் பின்னால் டீச்சர் சிறகடித்துக்கொண்டு நான்கு பக்கமும் முட்டுவது மட்டும் கேட்டது. வலைக்கண் சின்னது. அலகு மட்டும்தான் வெளியே வந்தது.

இப்போது சத்தம் போட வேண்டிய தேவையே இல்லை. மெதுவாகவே சொன்னாள்.

"கேஜ்னா இதுதான். கூண்டு. நேத்து எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

தாவுகாலன் குட்டியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டான். அதன் மூக்கைத் தடவிப் பார்த்தான். அது இருக்கிறதா என்று இன்னொரு முறையும் தடவிப் பார்த்தான். அப்போது மூங்கில் புதருக்குப் பின்னால் ஜீப் உறுமியது. கதவு விழுந்த சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும் அல்லவா?

"ஓடுங்க!" என்றாள் மஞ்சமூக்கி.

மான்கள் ஓடின. அணில்கள் மரமேறின. அவளைச் சுற்றி எல்லாம் காலியாகிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆயா தூக்கிக்கொண்டு போகும் பெட்டியும், அந்தக் கொல்லைப்பக்கமும் மனசுக்குள் வந்தன.

திடீரென்று கூண்டு ஆடியது. கண்ணைத் திறந்தால், தாவுகாலன்! குட்டியை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். கதவின் அடியில் விரலை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு விரற்கடை எழும்பியது. அதற்கு மேல் முடியவில்லை. அவன் இரண்டு பங்காளிகளும் ஓடி வந்து கை கொடுத்தார்கள். இன்னொரு விரற்கடை எழும்பியது.

"தள்ளுங்கடா!" என்று ஒரு குரல். காட்டுப்பன்றி தன் மோவாயைத் தரையோடு தரையாக வைத்து, கதவுக்கு அடியில் நுழைத்து, ஒரே நெம்பு நெம்பியது. கதவு ஒரு சாண் எழும்பியது.

மஞ்சமூக்கி வெளியே வந்துவிட்டாள்!

ஜீப் வளைவில் திரும்பியபோது அங்கே கூண்டு இருந்தது, பழம் இருந்தது, கதவு மூடியிருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. இரண்டு பேரும் கூண்டை மூன்று முறை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்தார்கள். அந்தக் கல் மெல்லப்பன்தான். அவரால் மட்டும் ஓட முடியவில்லை, அதனால் ஓட்டுக்குள் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டார்.

அன்று மாலை மஞ்சமூக்கி வழக்கமான கிளைக்கு வந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், வராவிட்டால் சும்மா போய்விடலாம் என்றுதான் வந்தாள். பொய் சொன்னவளை எந்தப் பிள்ளை டீச்சர் என்று கூப்பிடும்?

புதர் அசைந்தது. துள்ளி வந்தாள். பன்றி வந்தது, மோவாயில் சிராய்ப்போடு. மான்கள் வந்தன. குரங்குக் கூட்டம் மொத்தமும் வந்தது. மெல்லப்பன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். யாரும் காலையில் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தார்கள். தாவுகாலன் முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் கேட் பக்கத்துல நின்னு குதிக்குதுங்க. நாளைக்கு ஸ்விங் வருதாம். ஸ்விங்னா என்ன?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. மஞ்சமூக்கிக்கு அலகு தானாகத் திறந்தது. வருகிறது என்றால் கால் உள்ளதாக இருக்கும். பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்றால் இனிப்பாக இருக்கும். ஒரு நொடியில் மூன்று விளக்கங்கள் வாய் வரைக்கும் வந்துவிட்டன. மூன்றையும் விழுங்கினாள். அது மீன்முள்ளை விழுங்குவதுபோலத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. தாவுகாலன் மட்டும் பெருமூச்சு விட்டான். "அப்பாடா! எனக்கும் தெரியாது. நேத்தா இருந்தா ஏதாச்சும் சொல்லியிருப்பேன்" என்றான்.

"எனக்கும் தெரியாது" என்றாள் துள்ளி.

"எனக்கும்" என்றது பன்றி. அது எந்தக் காலத்திலும் இப்படித்தான் சொல்லிவந்தது. இன்றைக்குத்தான் கூச்சமில்லாமல் சொன்னது.

"அப்படின்னா நாளைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள் மஞ்சமூக்கி. "நான் மேலே இருந்து பார்க்கிறேன். குரங்குகள் பக்கவாட்டுல இருந்து பாருங்க. துள்ளி அடியில பார்க்கட்டும். பார்த்துட்டு வந்து ஆளாளுக்குச் சொல்லுங்க. எது சரின்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்."

அவ்வளவுதான், குளத்தங்கரை கொந்தளித்துவிட்டது! யார் எந்த மரத்தில், யார் எந்தப் புதரில் என்று ஒரே கூச்சல். ஸ்விங்குக்கு வால் இருக்குமா, கொம்பு இருக்குமா, கடிக்குமா என்று அணில்கள் கேட்டுத் தள்ளின. அத்தனைக்கும் டீச்சர் "தெரியாது, பார்க்கலாம்" என்றே பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் தாங்கவில்லை. தெரியாத ஒன்றைப் பார்க்கப் போகிற மகிழ்ச்சி அவளுக்கு எத்தனையோ நாளைக்கு அப்புறம் திரும்பி வந்திருந்தது.

கூச்சலுக்கு நடுவில் மெல்லப்பன் எழுந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, நாளைக்குத்தானே! இப்பவே எங்க போறீங்க?" என்று கேட்டாள் துள்ளி.

"நாளைக்குப் பார்க்கணும்னா நான் இப்பவே கிளம்பணும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் நிற்காமல் நடந்தார்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லித் தருகிறவர் தம்மை நம்பினவர்களைக் குழியில் தள்ளுகிறார். 'எனக்குத் தெரியாது' என்று கூசாமல் சொல்கிறவரோடுதான் எல்லோரும் சேர்ந்து கற்கப் புறப்பட முடியும்.